நீலமா, சிவப்பா?

"நீலம்தாங்க வேணும். கெஞ்சிக் கேக்குறேன், நீலத்தையே வாங்குங்க!"

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. சுவர் முழுக்க அடுக்கியிருந்த டிவிகளில் ஒரே மீன் ஒரே சமயத்தில் வாலைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

விற்பனையாளனுக்கு வாய் கசந்தது. கையில் எந்நேரமும் ரிமோட்டோடு அலைவதால், கடையில் அவனுக்குப் பெயரே ரிமோட்தான்.

காலையில்தான் முதலாளி காதோடு சொல்லியிருந்தார். "டேய் ரிமோட், சிவப்புக் கம்பெனிக்காரன் கையை விரிச்சுட்டான். விஷயம் வெளியே தெரியறதுக்குள்ள இருக்கிற சரக்கைத் தள்ளி விட்டுரு."

துல்லியமாகப் படம் காட்டும் புது டிஸ்க் இரண்டு வகையாக வந்துகொண்டிருந்தது. ஒன்று நீல உறை, இன்னொன்று சிவப்பு உறை. நீலப் பிளேயரில் சிவப்பு டிஸ்க் ஓடாது. சிவப்பில் நீலம் ஓடாது.

புருஷன் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது அவள்தான் முதலில் உள்ளே வந்தாள். கேட்டதும் ஒரே கேள்விதான். "இந்த ரெண்டுல எது தம்பி நிலைக்கும்?"

கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீலம்தான் மேடம்" என்று மெல்லச் சொல்லியிருந்தான் ரிமோட். அதை நம்பித்தான் இப்போது இவ்வளவு கெஞ்சுகிறாள், பாவம்.

சற்று முன் டிவி வாங்கிய லட்சணமும் இதுதான். அவள் ஒன்றின் முன்னால் நின்று, "இது கண்ணுக்கு இதமா இருக்குங்க" என்றாள்.

"அப்போ அது வேணாம். பக்கத்துல இருக்கிறதை எடுப்பா" என்றான் அந்த ஆள். "இவ மஞ்சள் சோபா கேட்டா, நான் பழுப்பு வாங்கினேன். இவ பேச்சைக் கேட்டா வீடு உருப்படுமா?"

பக்கத்தில் இருந்ததுதான் கடையிலேயே நல்ல டிவி. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான் ரிமோட்.

பிறகு அந்த ஆள் பிளேயர் கேட்டான். என்ன மாதிரிப் படம் பார்ப்பீர்கள் என்று விசாரித்தது ரிமோட்டின் தப்பு.

"படமா? எங்க கல்யாண வீடியோப்பா! என் புது ஷூவுல யாரோ ஜூஸைக் கொட்டிட்டாங்க. மாப்பிள்ளை கோவிச்சுட்டுப் போயிடுவாரோன்னு பயந்து, என் மாமனார் அத்தனை பேர் முன்னாடி மண்டி போட்டு, தன் கைக்குட்டையால துடைக்கிறாரு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்டுவேன். பின்னாடி ஓட்டி ஓட்டிச் சிரிப்போம்."

பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவியபடியே தொடர்ந்தான். "பழைய டிவியில கிழவன் மூஞ்சி மசமசன்னு தெரியும். இனிமே கண்ணுல தண்ணி நிக்கிறதுகூடத் தெரியணும்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இப்போ..." என்று இழுத்தான் ரிமோட்.

"போய்ச் சேர்ந்துட்டாரு. டேப்பும் போகப்போகுது, பூஞ்சை பிடிச்சிருச்சு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓடும்னு ஸ்டுடியோக்காரன் சொல்றான். டிஸ்க்குல ஏத்திட்டு அதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். நீலமா, சிவப்பான்னு கேட்டுட்டு உக்காந்திருக்கான்."

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். "எங்கப்பா இருக்கிற வீடியோ அது ஒண்ணுதாங்க. நீலத்துலயே ஏத்துங்க. என் தம்பிகூட நீலம்தான் வாங்கியிருக்கான்."

"யாரு, அந்த வெட்டிப்பயலா?" அவன் முகம் மலர்ந்தது. "முடிஞ்சுது. சிவப்பைக் கட்டுப்பா."

"சார், மேடம் சொல்றதுலயும் ஒரு..."

கல்லாவில் முதலாளி இருமினார். ரிமோட் வாயை மூடிக்கொண்டான். அந்த வாயை உடனே போய்க் கழுவ வேண்டும்போல இருந்தது.

அந்த ஆள் பணத்தைக் கட்டிவிட்டு, விசிலடித்தபடி வண்டியை எடுக்கப் போனான். சிவப்புப் பிளேயரைப் பெட்டியோடு அவள் கையில் கொடுத்தபோது ரிமோட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா, நான் அடிச்சுச் சொல்லியிருக்கணும். சிவப்போட கதை முடிஞ்சுபோச்சு. இனிமே பிளேயரும் வராது, உதிரி பாகமும் வராது. இது ஒரு தடவை படுத்துட்டா, அப்பா வீடியோவை வேற எதுலயும் பார்க்க முடியாது."

"சட்டுன்னு படுத்துக்குமா, தம்பி?"

"உள்ள இருக்கிற சின்னக் கண்ணாடிதான் இதுக்கு உயிர். தண்ணி பட்டாப் போச்சு. பார்த்து வெச்சுக்குங்க."

வெளியே ஹாரன் அலறியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஜூஸ் பட்டாலும் போயிடும்ல?"

ரிமோட் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா... அப்போ நீலம் வேணும்னு அந்த அழுகை அழுதீங்களே?"

"நான் கேட்டதை அவர் என்னைக்குத் தம்பி வாங்கிக் குடுத்திருக்காரு?"