கடைசிக் கட்டு

கடைசிக் காகிதக் கட்டை மேசைமேல் வைத்த அதிகாரி, வழக்கம்போல அவளுடைய கைப்பையை வாங்கி அலமாரியில் பூட்டினார்.

கைபேசி கூடாது. சொந்தப் பேனா கூடாது. கைக்குட்டையைக்கூட உதறிக் காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மூன்று வாரமாக அந்த ஜன்னலில்லாத அறையில் அவள் வர்த்தக ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு ஒரு கட்டு. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாதபடி கலைத்துப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"ஒப்பந்தத்தைக் காட்டு!"

தெருவில் கூட்டம் போட்ட சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. அதில் அவள் அண்ணன் குரலும் இருக்கும். மலிவு விலை மருந்து செய்யும் கம்பெனியில் மாத்திரை அச்சடிக்கிற இயந்திரம் ஓட்டுபவன். பதினோரு நாளாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்து கத்தியதில் தொண்டை கட்டிப் போயிருந்தது.

காலையில்கூடக் கேட்டான். "ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எங்க கம்பெனி தப்பிக்குமா?"

"மருந்துப் பக்கம் இன்னும் என் கைக்கு வரலண்ணே."

வந்தது. இன்றைய கட்டில், இரண்டாவது தாளிலேயே.

காப்புரிமை முடிந்த மருந்தானாலும், இன்னும் பத்தாண்டுக்கு கண்டுபிடித்த கம்பெனி தவிர வேறு எவரும் தயாரிக்கக் கூடாது. கீழே பட்டியல். முதல் நான்கும் அண்ணன் கம்பெனியில் செய்பவை. மூன்றாவது, அம்மா தினமும் விழுங்குவது.

பட்டியலில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள்.

வேலை போனால் போகட்டும். பிடித்து உள்ளே போட்டால் போடட்டும்.

எழுதித்தானே எடுத்துப் போகக் கூடாது? ஆறே வரி. உதடு அசையாமல் நெட்டுருப் போட்டாள், கால்புள்ளி உட்பட. இதை அண்ணன் ஊரறியச் சொல்லிவிட்டால், அப்புறம் எந்த அமைச்சருக்குக் கையெழுத்துப் போடத் துணிச்சல் வரும்?

கட்டின் அடியில் ஒரு தாள் மிச்சமிருந்தது. முக்கால்வாசி வெற்றிடம். படித்தாள். மறுபடி படித்தாள்.

"சார், இதுவும் சேர்த்தியா?"

"எல்லாமே சேர்த்திதாம்மா," என்றார் அதிகாரி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

அவள் வெளியே வந்தபோது அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். கண்ணெல்லாம் ஈரம். யார் யாரோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

"ஜெயிச்சிட்டோம்! அமைச்சரே வந்து வாக்குக் குடுத்துட்டுப் போறாரு. எங்களைக் கேக்காம கையெழுத்தே போட மாட்டாராம்!"

நெட்டுருப் போட்ட ஆறு வரியில் ஒரு சொல்கூட அவளுக்கு வாயில் வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணே, அவரு கையெழுத்துப் போட்டு நாலு மாசம் ஆச்சு. கடைசித் தாள்ல தேதியோட இருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

கூடாரத்தை அதற்குள் பாதி பிரித்துவிட்டிருந்தார்கள்.