மூடிய கண்ணுக்குள் புகை

உக்கடம் பேருந்து நிலையத்து டீக்கடையில் லோகப்பிரியா அப்பா தனபாலின் கண்களில், கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். அவர் கண்களை மூடி, மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்கிறார். மறு கையில் சிகரெட் எரிகிறது. "இப்பக்கூடவாங்கப்பா?" என்கிறாள். "கண்ணத்தான் மூடியிருக்கறனே அம்மணி, பொகை எப்புடி உள்ள போகும்?" டீ ஆற்றுகிற கடைக்காரர் சிரிக்கிறார். அவளுக்குக் காது சுடுகிறது. "ரத்தத்துல போகுதுங்கப்பா. கண்ணுக்குப் போற ரத்தக்கொழாய் சுருங்குது. மிச்சப் பார்வையும் போயிருமுங்க." "செரிங்க டாக்டரம்மா" என்று கண்ணைத் திறக்கிறார். அவருடைய டீயை வாங்கி இடப்பக்கமாக நீட்டுகிறாள். பார்வை போன ஓரம் அது. டம்ளர் இருப்பதே தெரியாமல் அதற்குள் சாம்பலைத் தட்டுகிறார். கடைக்காரரின் சிரிப்பு நிற்கிறது. அவள் டீயைக் கொட்டவில்லை. அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பிடிக்கிறாள். "குடிங்கப்பா."