அலறல் வழக்கு

முதலில் 'மடக்' என்று எலும்பு முறிந்தது. அடுத்த நொடி ஒரு பெண் அலறினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்த அலறலில் கோர்ட் எழுத்தர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"போதும், நிறுத்துங்க!" என்றார் நீதிபதி.

சவுண்டுக்காரன் லேப்டாப்பை மூடினான். அவன் முகத்தில் பரிசு வாங்கிய பெருமை.

சினிமாவுக்கும் வீடியோ கேமுக்கும் சத்தம் தயாரித்து ஆன்லைனில் விற்பது அவன் தொழில். வெட்டு, குத்து, கொலை, எது கேட்டாலும் கிடைக்கும். அதில் சக்கைப்போடு போட்டது இந்த அலறல்தான். ஒரு கேம் கம்பெனி அதை நைசாகச் சுட்டுத் தன் விளையாட்டில் சேர்த்துவிட, வழக்குப் போட்டிருந்தான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இது கம்ப்யூட்டரே உருவாக்கின சத்தம். மனுஷன் படைக்காததுக்கு மனுஷன் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?"

சவுண்டுக்காரனுக்கு ரத்தம் கொதித்தது. தோற்றால் வழக்கு மட்டுமா போகும்? மெஷின் சத்தத்தைத் தன்னுடையது என்று விற்ற ஃப்ராடு என்று ஊரே காறித் துப்பும்.

"மண்டை பிளக்கிற சத்தத்துக்குப் பூசணிக்காயை உடைப்பேன். கத்தி இறங்குற சத்தத்துக்கு முட்டைக்கோஸைக் குத்துவேன். எல்லாமே என் கைவேலை!"

"அந்த எலும்பு?" என்று கேட்டார் நீதிபதி.

"காய்ஞ்ச குச்சிங்க."

"அலறினது யாரு?"

"என் சம்சாரம். வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

மனைவி சாட்சிக் கூண்டில் ஏறினாள். தண்ணீர் கேட்டாள். ஊழியர் நீட்டிய டம்ளரை இடது கையால் வாங்கினாள். நாலு பேர் முன்னால் இப்படியா வாங்குவாள் மரியாதை தெரியாதவள் என்று சவுண்டுக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்காக மறுபடி ஒலிக்கவிட்டார்கள். மடக். அலறல். பின்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இது உங்க குரலாம்மா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க."

"கம்ப்யூட்டர்ல எதுவும் சேர்க்கலையே?"

"இல்லீங்க. முழுசும் என் தொண்டைதான்."

ஜெயித்தாயிற்று! சவுண்டுக்காரன் தன் வக்கீலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கம்பெனி வக்கீல் லேசில் விடுவதாக இல்லை. "அப்போ இங்கேயே ஒரு தரம் அதே மாதிரி கத்திக் காட்டுங்க. ஒத்துப்போச்சுன்னா நாங்க தோத்துட்டோம்னு இப்பவே எழுதித் தர்றோம்."

இதைவிட வேறென்ன வேண்டும்? 'கத்து, கத்து' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினான் சவுண்டுக்காரன்.

"பயப்படாம செய்யும்மா" என்றார் நீதிபதி.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். இடது கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

"அதே மாதிரி வரணும்னா, அவர் இந்தக் கையையும் உடைக்கணுங்க."