வந்துட்டியா சத்திரம்

ஆற்றங்கரைச் சத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது செவந்தியின் மாமியாரால்தான். செவந்தியைக் கல்யாணம் செய்த ஆறாம் மாதம் அக்கரைக்குப் போன மகன் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து, பரிசலை விட்டு யார் இறங்கினாலும் கண் மங்கிய அந்த அம்மாள், "வந்துட்டியா?" என்று கேட்பாள். இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. மாட்டு வியாபாரியும் வளையல்காரரும்கூட "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்கள். அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி விழும். மாமியார் கண்மூடிய பிறகு செவந்தி யாரையும் அப்படிக் கேட்டதில்லை. "வாங்க" என்பதோடு சரி.

இன்று மதியம் நரைத்த தாடிக்காரர் ஒருவர் பரிசலிலிருந்து இறங்கினார். "வாங்க, கை கால் கழுவுங்க," என்றாள் செவந்தி. அவர் நகரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியிலேயே தலை குனிந்து நின்றார்.

"அக்கரையில இந்தச் சத்திரத்துப் பேரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். அம்மா கேக்கட்டும்."

"அம்மா போய்ப் பத்து வருஷமாச்சுங்க."

அவர் அப்போதும் ஏறவில்லை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி இன்னும் போடவில்லை. செவந்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி வந்தாள்.

"வந்துட்டீங்களா?"