ஆசீர்வாதம் எடுத்த அட்டை

"கர்த்தர் நம் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசுகிறவர்" என்று சபைச் செயலர் ஆசீர்வாதம் அறிவித்தார்.

மைக் வேலை செய்யவில்லை. தட்டிவிட்டு மறுபடியும் அறிவித்தார்.

கொல்கத்தாவில் ஒரு தமிழ்ச் சபை. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்து, எல்லாரும் வாக்குத்தத்த அட்டைக்காக வரிசையில் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ, அதுதான் அவருக்கு அந்த ஆண்டு முழுவதற்கும்.

ஆசீர்வாதம் வங்கியில் ஏஜிஎம்மாக இருந்து ஓய்வுபெற்றவர். கோட்டு, டை, டைக்கு மேல் மஃப்ளர்.

மைக் முன்னால் அவருக்கு எதற்கும் பயமில்லை. டிவி முன்னால்தான்.

எங்கோ ஏவுகணை விழுந்தால் டாக்குரியா வீட்டில் இவர் மாத்திரை போட்டுக்கொள்வார். போர், வெள்ளம், புது வைரஸ், ஆள் வேலையைப் பிடுங்கும் கம்ப்யூட்டர் எல்லாமே தன் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு வருவதாக அவருக்கு எண்ணம். பால்கனியில் அரிசி மூட்டைகள் உயர்ந்துகொண்டே போயின. துணி காயப்போட இடமில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மகள் பெர்சிஸுக்கு வேலை கிடைத்தது.

"உலகம் இருக்கிற இருப்புக்கு, பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறதா?"

"அப்போ பயப்படாதீங்கன்னு நீங்க மைக்குல சொல்றதெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தானா?" என்றாள் மனைவி எப்சிபா.

ஆசீர்வாதம் விஷயத்தைக் கர்த்தர் மேல் போட்டார். புத்தாண்டு அட்டையில் என்ன வருகிறதோ அதுதான் முடிவு. மறுநாள் அவள் வேலையில் சேர வேண்டும்.

பெர்சிஸ் வரிசைக்குப் போகாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. ரயில்வே பன்னீர்செல்வம் அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாலிகஞ்சிலிருந்து ஆண்டுதோறும் அட்டைக்காக மட்டும் வருகிறவள் சுந்தரவல்லி மாமி. வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைப்பாள். அவளும் படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

யாரும் யாருக்கும் காட்டவில்லை. அது அவரவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கும் சமாச்சாரம்.

கடைசியாக ஆசீர்வாதம் எடுத்தார். படித்தார். மஃப்ளர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பயப்படாதேன்னு வந்திருக்கு! இத்தனை வசனத்துக்கு நடுவுல, எனக்காக, என் ஒருத்தனுக்காக இதை ஒளிச்சு வெச்சிருந்தாரே! நான் என் மகளை அனுப்புறேன்!"

அல்லேலூயா வரவில்லை.

சபை முழுக்க அட்டையைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சார், எனக்கும் அதேதான் போட்டிருக்கு" என்றாள் மாமி.

"எனக்கும், அண்ணாச்சி" என்றார் பன்னீர்செல்வம்.

பின்வரிசையிலிருந்தும் இரண்டு மூன்று எனக்கும்கள் வந்தன.

அட்டைகள் சிவகாசியிலிருந்து, ஒரு வசனத்துக்கு ஒரு கட்டு என்று வரும். எல்லாக் கட்டையும் பிரித்துக் கலக்கித் தட்டில் வைப்பது பெண்கள் சங்கத்தின் வேலை. இந்த ஆண்டு, பெரிய பொறுப்பாயிற்றே என்று ஆசீர்வாதம் தானே எடுத்துக்கொண்டார். சபைக்கு ஒரு கட்டே போதுமாக இருந்தது. அதை மட்டும் பிரித்து, மிகுந்த பக்தியோடு கலக்கியிருந்தார்.

அவர் பெர்சிஸைப் பார்த்தார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தார்.

எப்சிபாவுக்கு அந்த வாய் தெரியும். எழுந்துவிட்டாள்.

"உங்களுக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சீங்களா? இங்க யாருக்குப் பயமில்ல? கை தூக்கச் சொல்லுங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை.

பன்னீர்செல்வம்தான் ஆரம்பித்தார். நாளை மறுநாள் அவருக்குக் கண் ஆபரேஷன். இந்த வசனமே வர வேண்டும் என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வந்தாராம். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், இன்னும் மனைவிக்குச் சொல்லவில்லை என்றான் ஓர் இளைஞன். மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தனக்கு லிஃப்டில் ஏறவே நடுக்கம், மூன்றாவது மாடிக்குப் படியேறுவதெல்லாம் உடற்பயிற்சிக்காக அல்ல என்றாள் மாமி.

எப்படி இருக்கிறீர்கள் என்றால் ஸ்தோத்திரம், சுகம் என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாத சபை அது. இப்போது வாய் ஓயவில்லை. நடுநடுவே சிரிப்பு வேறு.

ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டே நின்றார். தன்னைச் சுற்றி இத்தனை பேர் பயந்துகொண்டிருப்பதும், அத்தனை பேருக்கும் ஒரே பதில் வந்திருப்பதும், பல மாதங்களில் அவருக்குக் கிடைத்த முதல் ஆறுதல்.

போதகர் நல்ல மனிதர். "மத்தக் கட்டுகளையும் பிரிச்சு, எல்லாரும் திரும்ப எடுக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்!" என்றது சபை.

"இதான் சரியான கட்டு" என்றாள் மாமி.

பிறகு பெர்சிஸை முன்னால் அழைத்து நிறுத்தி, எல்லாரும் அவளை நோக்கிக் கை நீட்டி வழியனுப்பும் ஜெபம் செய்தார்கள். அது நீண்டது. பாட்டும் உண்டு. ஆசீர்வாதம் மகளின் தலையில் கை வைத்து, குரல் உடைய, "போயிட்டு வாம்மா" என்றார். பன்னீர்செல்வம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

வேலை ஹவுராவில். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.