கையளவு எஞ்சின்

பதுளையில் மழை விட்ட பின்னேரம். குசினி மேசையில் விழும் வெயிலில் வைத்து, சுலோஜனா கையளவு ரயில் எஞ்சின் ஒன்றின் விளிம்பைக் கடைசி முறையாக அரத்தால் தேய்க்கிறாள். செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். அந்தச் சின்ன அரமே பித்தளைத் தகட்டுக்கும் போதுமாக இருக்கிறது. அப்பா வருஷக்கணக்காக மலைப்பாதையில் ஓட்டிய டீசல் எஞ்சினைப் போலவே, உள்ளே குட்டி மோட்டாரும் வைத்துச் செய்திருக்கிறாள். எதிரே அப்பா பத்மநாதன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். பார்வை போன அவருக்கு இதைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.

“அப்பா, கையை நீட்டுங்கோ.”

உள்ளங்கையில் எஞ்சின் வந்து உட்கார்ந்ததும் அவர் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். விரல்கள் சக்கரங்களை மெல்ல உருட்டிப் பார்த்து, படிகளில் ஏறி, கைப்பிடிக் கம்பியைத் தடவி, நீண்ட மூக்கின் மேல் ஊர்ந்து போகின்றன. சுலோஜனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏதோ விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவாரோ? கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது. சாரதியின் அறைக்கு வந்த விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.

“என்ர பக்கத்து யன்னல் திறந்து கிடக்கு, பிள்ளை.”

“எந்தக் குளிருக்கும் நீங்கள் அதைப் பூட்டினதில்லையே, அப்பா.”

அவர் முகம் மெல்ல மலர்கிறது. கதிரையின் கையில் முழங்கையை ஊன்றி, அந்த யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுபோலத் தலையை நீட்டி, எதிர்க்காற்றில் கண்களைச் சுருக்கிக்கொள்கிறார்.