முதலில் இறங்குகிறவர்

தை மாதத்து விடியலில் மல்லசமுத்திரம் ஏரியின் மேல் ஆவி படர்ந்து கிடக்கிறது. படித்துறையில் துண்டு கட்டிய நாலைந்து பேர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தினமும் முதலில் இறங்குகிறவர் அர்த்தநாரிதான். தண்ணீர் எப்படி இருக்கிறதென்று அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் குதிப்பார்கள். இருபது வருடப் பழக்கம். சித்திரையில் மேல்தண்ணீர் சுடும், அடித்தண்ணீர் குளிரும். ஐப்பசியில் புதுத்தண்ணீர் ஊசியாய்க் குத்தும். அதெல்லாம் அவர் வாயால் கேட்டால்தான் இவர்களுக்குத் திருப்தி. அவர் முதல் படியில் கால் வைக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனது பழைய கதை. போன சித்திரையில் கணுக்கால் நனைந்ததும் தெரிந்தது. ஐப்பசியில் கெண்டைக்கால் வரை இறங்க வேண்டியிருந்தது. இரண்டாம் படி, மூன்றாம் படி. தண்ணீர் முழங்காலைச் சுற்றி வளையமிடுவதை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார். ஒரு பாசியிழை வந்து முழங்காலில் ஒட்டுகிறது. அதுவும் கண்ணுக்குத்தான் தெரிகிறது.

“ஏனுங்க மாமா, தண்ணி எப்புடிங்க இருக்குது?” மேலிருந்து பூபதி கத்துகிறான்.

குனிந்து கையை விட்டுப் பார்க்கலாம். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“வெதுவெதுன்னு இருக்குது சாமி, வாங்க” என்கிறார்.

தொப்தொப்பென்று குதிக்கிறார்கள். ஆவி கலைகிறது. அர்த்தநாரி அசையாமல் நின்று, தண்ணீருக்கு மேலே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார், தண்ணீர் எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ள.